கொடுத்த கைக்கு ஒரு வாழ்த்து

ஆஸ்திரேலியச் சுரங்கத் தொழிலதிபர் ஐயா கிளைவ் பால்மர் அவர்களுக்கு,

எங்கள் பழைய இலக்கியத்தில் ஒரு காட்சி உண்டு. அதியமானுக்காகத் தூது போன ஔவையைத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலுக்கு அழைத்துப் போய்க் காட்டினான். ஔவை அங்கிருந்த ஆயுதங்களின் அலங்காரத்தையும் பளபளப்பையும் வாயாரப் புகழ்ந்தாள். அதியமானின் ஆயுதங்கள் முனை மழுங்கிக் கொல்லனின் உலைக்களத்தில் கிடப்பதாக மட்டும் சேர்த்துச் சொன்னாள். அவள் பேச்சில் பொய் கிடையாது. தொண்டைமானின் ஆயுதங்கள் உண்மையிலேயே பளபளத்தன.

இந்த மடலும் அப்படிப்பட்டதுதான். நீங்கள் செய்யாத எதையும் செய்ததாகச் சொல்லப்போவதில்லை. செய்ததைக் குறைத்தும் சொல்லமாட்டேன்.

முதலில் நன்றி சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 2021 செப்டம்பரில் குயின்ஸ்லாந்து மாநிலக் காவல் ஆணையர் கத்தரீனா கேரல் ஓர் உத்தரவு போட்டார். காவல் துறையில் இருப்பவர்கள் கோவிட் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். விலக்கு வாங்காமல் மறுப்பவர்கள் துறை நடவடிக்கைக்கு ஆளாவார்கள். டிசம்பரில் இரண்டாவது உத்தரவு வந்தது. ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்குச் சுகாதாரத் துறையின் தலைமை இயக்குநர் ஜான் வேக்ஃபீல்டின் தனி உத்தரவு. ஊசி வேண்டாம் என்றவர்களுக்கு முன்னால் இருந்தது வேலையா, மறுப்பா என்ற கேள்வி. வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு கான்ஸ்டபிளும், இருபது வருடம் ஆம்புலன்ஸில் ஓடிய ஒரு ஊழியரும் அந்தக் கேள்வியோடு வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்த இரவுகளை நினைத்தால் எனக்கு இன்றும் சங்கடமாகத்தான் இருக்கிறது. நான் தடுப்பூசி போட்டுக்கொண்டவன். மற்றவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று வீடு வீடாகச் சொன்னவன். அப்படிப்பட்ட எனக்கும், ஒருவருடைய உடம்பையும் சோற்றையும் ஒரே கயிற்றில் கட்டுகிற உத்தரவைப் போடுமுன் அதிகாரி நின்று யோசிக்கவேண்டும் என்பதில் சந்தேகமில்லை.

அந்தக் கான்ஸ்டபிள் தன் மாநில அரசை எதிர்த்து வழக்குப் போடலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவில் வழக்கில் தோற்றவர் பொதுவாக எதிர்த் தரப்பின் வக்கீல் செலவையும் சுமக்கவேண்டும். அரசுத் தரப்பில் மூத்த பாரிஸ்டர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். தோற்றால் வீடு போய்விடும். இந்த ஒரு பயத்திலேயே நியாயமான எத்தனையோ வழக்குகள் நீதிமன்றப் படியை மிதிக்காமலே செத்துப்போகின்றன. நீங்கள் அந்தப் பயத்தை எடுத்தீர்கள். காவலர்களும் ஆம்புலன்ஸ் ஊழியர்களும் தொடுத்த மூன்று வழக்குகளுக்கும் பின்னால் உங்கள் பணம் நின்றது. 25 லட்சம் டாலரிலிருந்து 30 லட்சம் டாலர் வரை கொடுத்ததாக நீங்களே சொன்னீர்கள். வேலையிழந்து நின்றவனுக்கு வக்கீல் வைத்துக் கொடுப்பது பெரிய உதவி. அதைச் செய்தவரை வாழ்த்தாமல் போனால் நாக்கு அழுகிவிடும்.

2024 பிப்ரவரி 27 அன்று தீர்ப்பு வந்தது. மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிளென் மார்ட்டின் சொன்னது இது: காவல் ஆணையர் அந்த உத்தரவுகளைப் போடுமுன் மனித உரிமைகளைச் சட்டம் கேட்கும் அளவுக்கு எடைபோட்டுப் பார்த்ததாக நிறுவப்படவில்லை, ஆகவே அவை சட்டத்துக்குப் புறம்பானவை. ஆம்புலன்ஸ் ஊழியர்களின் வேலை ஒப்பந்தப்படி அப்படியோர் உத்தரவு போடத் தலைமை இயக்குநருக்கு இடமிருந்ததாகவும் நிறுவப்படவில்லை, அதனால் அந்த உத்தரவுக்கு வலுவில்லை.

இந்தத் தீர்ப்பு எனக்கு மனநிறைவு தந்தது. அவசரகாலத்திலும் அதிகாரி கையெழுத்துப் போடுமுன் யோசிக்கவேண்டும், யோசித்ததற்குத் தடயமும் இருக்கவேண்டும் என்று ஒரு நீதிமன்றம் எழுதி வைத்திருக்கிறது. இனி வரும் ஆணையர்கள் இதைப் படிப்பார்கள். இதற்கு உங்கள் பணம் உதவியது.

இன்னொன்றுக்கும் உதவியது. அதே தீர்ப்பில் நீதிபதி மேற்கொண்டு சொன்னார்: முழு மனதான, சுதந்திரமான சம்மதம் இல்லாமல் மருத்துவத்துக்கு உட்படுத்தப்படாமல் இருக்கும் உரிமையை அந்த உத்தரவுகள் மட்டுப்படுத்தின என்பது உண்மை; ஆனால் அன்றைய சூழலில் அந்த மட்டுப்பாடு நியாயமானதே. அதாவது ஆணையர் யோசித்த விதம் தவறு. யோசித்து, முறையாகக் கோப்பில் எழுதிப் போட்டிருந்தால், அந்த உத்தரவால் வரும் உரிமைக் குறைவைச் சட்டம் தாங்கியிருக்கும். பெருந்தொற்றுக் காலத்தில் காவலருக்கும் ஆம்புலன்ஸ் ஊழியருக்கும் கட்டாயத் தடுப்பூசி என்பது நியாயப்படுத்தக்கூடிய கட்டுப்பாடு என்று வாதப் பிரதிவாதம் கேட்டு, சாட்சி விசாரித்து, பக்கம் பக்கமாக எழுதப்பட்ட தீர்ப்பு குயின்ஸ்லாந்துக்குக் கிடைத்தது. பொதுச் சுகாதாரத்துக்காகக் குரல் கொடுக்கிற எந்த அமைப்பும் இதற்கு 30 லட்சம் டாலர் செலவழித்திருக்காது. நீங்கள் செலவழித்தீர்கள். தடுப்பூசியின் பக்கம் நிற்கிற என்னைப் போன்றவர்கள் இதற்காகவும் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

இனி அந்தக் கான்ஸ்டபிளிடம் திரும்புவோம். வென்ற பிறகு அவர் கைக்கு என்ன வந்தது? அந்த உத்தரவுகள் தீர்ப்புக்கு முன்பே திரும்பப் பெறப்பட்டுவிட்டன. செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. இழந்த சம்பளம் அதோடு சேர்ந்து வரவில்லை. குயின்ஸ்லாந்தின் மனித உரிமைச் சட்டம் 2019-ல் ஒரு பிரிவு இருக்கிறது, 59ஆம் பிரிவு. ஒரு பொது அதிகாரி இந்தச் சட்டத்தை மீறினார் என்ற காரணத்துக்காக மட்டும் யாருக்கும் நஷ்ட ஈடு கிடையாது என்று அது சொல்கிறது. உரிமை உண்டு, மீறினால் மீறல் என்று நீதிமன்றம் சொல்லும், காசு கிடையாது. பிள்ளைக்குப் பேர் வைத்தாகிவிட்டது, பால்தான் இல்லை.

அதனால்தான் இப்படிப்பட்ட தீர்ப்பு வந்த மறுநாளே கூட்டு வழக்குப் பேச்சு எழும். குயின்ஸ்லாந்தில் 2017 மார்ச்சிலிருந்து கூட்டு வழக்குக்கென்று தனி நடைமுறை இருக்கிறது. ஒரே எதிராளி மேல் ஒரே வகைக் குறை இருக்கிற ஏழு பேராவது இருந்தால் போதும், ஒருவர் முன்னின்று எல்லோருக்குமாக வழக்குப் போடலாம். விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்காத எல்லோரும் அதற்குள் அடக்கம். சமரசம் பேசினால் நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். செலவுக்குப் பணம் போடும் நிறுவனங்கள் தனியாக இருக்கின்றன. தோற்றால் அவர்கள் தாங்குவார்கள்; வென்றால் வருகிற தொகையில் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார்கள். அது வியாபாரம், எதற்குப் போடுகிறோம் என்பதை மறைக்காத வியாபாரம். கணக்குக் காகிதத்தில் இருக்கும், நீதிபதியும் பார்ப்பார்.

நீங்கள் அந்த வியாபாரி இல்லை. காவலர்களிடம் பங்கு கேட்டதாக எங்கும் கேள்விப்படவில்லை. 2022 பொதுத்தேர்தலில் உங்கள் ஐக்கிய ஆஸ்திரேலியக் கட்சிக்காகச் செலவான தொகை ஏறக்குறைய 12 கோடியே 30 லட்சம் டாலர். ‘சுதந்திரம்’ என்ற சொல் மஞ்சள் பலகைகளில் நாடெங்கும் தொங்கியது. விக்டோரியாவிலிருந்து ஒரே ஒரு செனட்டர் கிடைத்தார். அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள் உண்டு என்று காட்டிய காவலர் வழக்குக்கு ஆனதோ அதில் நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. குறைந்த செலவில் நிறைந்த பலன் என்றால் இதுதான். உங்களுக்கு நிர்வாகம் தெரியாது என்று எவராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

மனித உரிமைச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அந்தச் சட்டத்தை உங்கள் அளவுக்குப் பல கோணத்திலிருந்து பார்த்தவர் மாநிலத்தில் வேறு யாரும் இருக்கமுடியாது என்றே நினைக்கிறேன். அது நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரியில். அதே வருடம் உங்கள் வராட்டா நிலக்கரி நிறுவனம் மாநில நில நீதிமன்றத்துக்கு வந்தது. கலிலீ படுகையில் நீங்கள் தோண்ட நினைத்த சுரங்கத்துக்கு எதிராக இளைஞர்கள் கூடி ஆட்சேபம் எழுப்பியிருந்தார்கள். பருவநிலை மாறினால் எங்கள் உரிமைகள் பறிபோகும் என்றார்கள், இந்தப் புதிய சட்டத்தைக் காட்டி. மனித உரிமையைச் சொல்லும் ஆட்சேபங்களை விசாரிக்கவே கூடாது, தள்ளிவிடுங்கள் என்று உங்கள் நிறுவனம் கேட்டது. நில நீதிமன்றத்தின் தலைவர் ஃப்ளூர் கிங்கம் மறுத்தார். வழக்கு நடந்தது.

அந்த வழக்கில் எனக்கு மறக்கமுடியாத ஒன்று உண்டு. பிரிஸ்பேன் கூடத்தில் உட்கார்ந்தே கேட்டு முடித்துவிடாமல், நீதிமன்றம் டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போனது. எருப் தீவிலும் பொருமா தீவிலும் அந்த மண்ணின் மக்கள் தங்கள் ஊரில், தங்கள் முறைப்படி சாட்சி சொன்னார்கள். கடல் ஏறி வருவதைக் கண்ணால் கண்டவர்கள், அந்தக் கடலுக்குப் பக்கத்திலேயே நின்று சொன்னார்கள். ஒரு நீதிபதி மக்களிடம் இப்படி இறங்கிப் போவதைக் கேள்விப்படும்போது மனம் நிறைகிறது. 2022 நவம்பர் 25 அன்று அந்தச் சுரங்கத்துக்கு அனுமதி தரவேண்டாம் என்று கிங்கம் பரிந்துரைத்தார். காரணங்களில் ஒன்று மனித உரிமை.

பதினைந்து மாதம் கழித்து, அதே சட்டத்தில் மனித உரிமைகளை எடைபோட்டுப் பார்க்கச் சொல்லும் 58ஆம் பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு காவலர்கள் வென்றார்கள், உங்கள் பணத்தில். இளைஞர்கள் கையில் இருந்தபோது கதவுக்கு வெளியே நிறுத்தச் சொன்ன சட்டத்தை, காவலர்கள் கையில் வந்தபோது தோளில் சுமந்து உள்ளே கொண்டுவந்தீர்கள். ஒரு மனிதர் இவ்வளவு சீக்கிரம் ஒரு சட்டத்தின் அருமையைக் கற்றுக்கொண்டது பாராட்டுக்குரியது.

மருத்துவத்திலும் நீங்கள் கையை மூடி வைத்தவர் இல்லை. 2020-ல் ஹைட்ராக்சி குளோரோகுயின் மாத்திரைகளை மூன்று கோடிக்கும் மேல் வாங்கி நாட்டுக்குக் கொடுப்பதாகப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுத்தீர்கள். கோவிட்டுக்கு அது பலனளிக்கவில்லை என்று சோதனைகள் காட்டின. அடுத்த வருடம், பலனளித்த தடுப்பூசியைப் பற்றி வானொலியில் விளம்பரம் கொடுத்தீர்கள். அதில் மக்கள் சாவுக்கணக்கைத் தவறாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது என்று நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உங்களுக்கு எழுதவேண்டி வந்தது. இந்த இடத்தில் நான் நீட்டி எழுத விரும்பவில்லை. அந்த நாட்களில் ஆஸ்பத்திரி வாசலில் வீட்டாருக்காக நின்றவர்கள் இதைப் படிப்பார்கள்.

தொழிலாளர் விஷயத்துக்கு வருகிறேன். இந்த மடலை எழுதத் தூண்டியதே அதுதான்.

டவுன்ஸ்வில் நகரத்துக்கு வடக்கே, கடற்கரையை ஒட்டி, யபுலு என்று ஓர் ஊர். அங்கே நிக்கல் சுத்திகரிப்பு ஆலை. 2009-ல் பி.ஹெச்.பி நிறுவனம் அதை விட்டுப் போனபோது மூடிவிடுவார்களோ என்று ஊரே பயந்தது. நீங்கள் வாங்கினீர்கள், ஆலை ஓடியது. 2010 கிறிஸ்துமஸ் சமயத்தில் நீண்ட நாள் வேலை பார்த்த சுமார் ஐம்பது பேருக்கு ஆளுக்கொரு மெர்சிடிஸ் பென்ஸ் கார் கொடுத்தீர்கள். நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஃபிஜி தீவில் விடுமுறை. உலகப் பத்திரிகைகள் எழுதின. ஆலை வாசலில் பென்ஸ் சாவியை வாங்கிக்கொண்ட ஒரு கொதிகலன் தொழிலாளியின் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன். முப்பது வருடம் ஷிப்டில் ஓடிய மனிதன், பெண்டாட்டியை முன் சீட்டில் உட்கார வைத்துக் கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று வந்திருப்பான். அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்தது நீங்கள். அதை யாரும் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது.

நிக்கல் விலை சரிந்தது, அது உங்கள் தவறில்லை. உலகமெங்கும் சரிந்தது. 2016 ஜனவரியில் 237 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். சில நாட்களில் ஆலையை நடத்திய குயின்ஸ்லாந்து நிக்கல் நிறுவனம் திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது. மார்ச்சில் மிச்சமிருந்த சுமார் 550 பேருக்கும் வேலை போனது. நிர்வாகிகள் கணக்குப் புத்தகங்களைப் புரட்டியபோது, ஆலை நிறுவனத்திலிருந்து உங்கள் அன்றைய கட்சிக்கு இரண்டு கோடி டாலருக்கு மேல் நன்கொடை போயிருந்தது தெரிந்தது. தொழிலாளி வியர்வையில் வந்த பணம் ஜனநாயகத்துக்குப் போயிருக்கிறது. ஜனநாயகத்தை வளர்ப்பது எல்லோருக்கும் கடமைதானே. யபுலுத் தொழிலாளிகளைக் கேட்காமலே அவர்களையும் அந்தக் கடமையில் சேர்த்துக்கொண்டீர்கள்.

அவர்களுக்குச் சேரவேண்டியது என்னென்ன என்று ஒரு நிமிடம் பார்க்கவேண்டும். எடுக்காமல் சேர்த்து வைத்த விடுப்புக்கான சம்பளம். நீண்ட காலச் சேவைக்கான விடுப்பு. முன்னறிவிப்புக்கான பணம். வேலை போனதற்கான ஈடு. எதுவும் இனாம் கிடையாது, ஒவ்வொன்றும் உழைத்துச் சேர்த்தது. அந்த விடுப்பு நாட்களில் பிள்ளையின் பள்ளிக்கூட விழா ஒன்று இருந்திருக்கும், அம்மாவின் ஆபரேஷன் ஒன்று இருந்திருக்கும். அப்போது எடுக்காமல், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று ஆலையை நம்பி விட்டுவைத்தது. ஆலையில் அதைக் கொடுக்கப் பணமில்லை. ஆஸ்திரேலியாவில் இப்படித் திவாலாகும் நிறுவனத் தொழிலாளிகளுக்காக மத்திய அரசின் உத்தரவாதத் திட்டம் ஒன்று இருக்கிறது. படிவம் நிரப்பி, வேலை பார்த்த ஆதாரம் இணைத்து, குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இருப்பதைக் காட்டி விண்ணப்பிக்கவேண்டும். பாக்கிச் சம்பளம் அதிகபட்சம் 13 வாரத்துக்கு, முன்னறிவிப்புப் பணம் 5 வாரத்துக்கு என்று சிலவற்றுக்கு உச்சவரம்பு உண்டு. ஓய்வூதியச் சேமிப்புப் பாக்கி அதில் சேராது. பென்ஸ் சாவி வாங்கிய அதே கை அந்தப் படிவத்தை நிரப்பியது.

அரசு கொடுத்தது ஆறரைக் கோடி டாலருக்கும் மேல். அரசு என்றால் யார்? வரி கட்டுகிறவர்கள். குயின்ஸ்லாந்துக் காவலர் ஒவ்வொருவரும், ஆம்புலன்ஸ் ஊழியர் ஒவ்வொருவரும் சம்பளச் சீட்டில் வரி பிடித்தம் கொடுத்தவர்கள். யபுலுத் தொழிலாளியின் விடுப்புச் சம்பளத்தில் அவர்கள் பணமும் இருந்தது. நீங்கள் அவர்களுக்கு வழக்குச் செலவு கொடுப்பதற்கு ஐந்தாறு வருடம் முன்னாலேயே அவர்கள் உங்கள் ஆலைக்காகக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் விளம்பரம் போடவில்லை.

அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க மத்திய அரசு என்ன செய்தது என்பது இன்னும் சுவையானது. நிறுவனத்தின் சொத்தைத் திரட்டிக் கடன் அடைக்கும் சிறப்புக் கலைப்பாளர்களை நியமிக்கச் செய்து, வழக்குச் செலவுக்குப் பணமும் கொடுத்தது. அதுவும் ஒருவகையில், தங்களால் வழக்காட முடியாதவர்களுக்காக வேறொருவர் செலவழித்து நடத்திய வழக்குதான். எதிர்த் தரப்பில் நீங்களும் உங்கள் நிறுவனங்களும் இருந்தீர்கள். தவறேதும் செய்யவில்லை என்றே நீங்கள் சொன்னீர்கள். 2016-ல் வேலை போனவர்களில் பலர் மிச்சப் பாக்கிக்காக 2019 வரை காத்திருந்தார்கள். அந்த வருடம் மே மாதம் பொதுத்தேர்தல். ஏப்ரலில் நீங்கள் முன்வந்து, பாக்கிக்காக 70 லட்சம் டாலரைத் தனிக் கணக்கில் போடுவதாக அறிவித்தீர்கள். அதே தேர்தலுக்கு உங்கள் தரப்பு செலவழித்தது 8 கோடி டாலருக்கு மேல். ஓர் இடமும் கிடைக்கவில்லை. ஆகஸ்டில், பிரிஸ்பேன் நீதிமன்றத்தில் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது, சமரசத்துக்கு ஒப்புக்கொண்டீர்கள். அரசுக்கும் தொழிலாளிகளுக்கும் பணம் திரும்பியது. கொடுத்தீர்கள் என்பதைப் பதிவுசெய்கிறேன். மூன்று வருடமும் ஒரு வழக்கும் ஒரு தேர்தலும் ஆயின என்பதையும் அதே வரியில் பதிவுசெய்கிறேன்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உங்களுக்கு உப்பிட்டவர்கள் யபுலுவில் இருந்தார்கள். நீங்கள் நினைத்தவர்கள் காவல் நிலையத்தில் இருந்தார்கள். சொந்தத் தொழிலாளிக்கு முதலாளி கொடுக்கவேண்டியதைக் கொடுத்தால் அதற்குப் பெயர் கடன் அடைத்தல். அடுத்தவர் தொழிலாளிக்குக் கொடுத்தால் அதற்குப் பெயர் கொடை. கொடையைத் தேர்ந்தெடுத்தவரை வள்ளல் என்றுதான் ஊர் சொல்லும், நானும் அப்படியே சொல்கிறேன்.

உங்கள் வழக்குகளின் பட்டியலைப் பார்க்கும்போது வேறொரு குணமும் தெரிகிறது: சளைக்காத மனசு. 2020-ல் மேற்கு ஆஸ்திரேலியா எல்லையை மூடியதை எதிர்த்து நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றீர்கள். அந்த மாநிலத்தின் அன்றைய முதல்வர் மார்க் மெக்கோவன் உங்கள் பெயரைக் கெடுத்தார் என்று வழக்குப் போட்டீர்கள், அவரும் உங்கள்மேல் எதிர்வழக்குப் போட்டார். 2022-ல் நீதிபதி உங்களுக்கு 5,000 டாலரும் அவருக்கு 20,000 டாலரும் தரச் சொன்னார். சிங்கப்பூரில் பதிவான உங்கள் நிறுவனம் வழியாக ஆஸ்திரேலிய நாட்டின்மேலேயே ஏறக்குறைய 30,000 கோடி டாலர் கேட்டீர்கள். சொந்த நாட்டிடம் வெளிநாட்டு முதலீட்டாளராக நின்று கேட்பதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும். சாதாரணக் குடிமகன் ஒருவன் வாழ்நாளில் ஒரு முறை நீதிமன்றம் போவதற்கே தூக்கம் கெட்டுப்போகிறான். உங்களுக்கு அது பழகிய வீடு. அந்த வீட்டுக்குள் ஒரு நாள் காவலர்களையும் கூட்டிக்கொண்டு போனீர்கள்.

காவலர்களே, ஆம்புலன்ஸ் ஊழியர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. உங்கள் குறை நியாயமானது என்று நீதிமன்றம் ஒரு பாதியை ஒப்புக்கொண்டது. வேலையும் சம்பளமும் இழந்தவர்கள் மேற்கொண்டு வழக்காட நினைத்தால், கூட்டு வழக்குப் போட நினைத்தால், உரிமையோடு போடுங்கள். யார் பணம் போட்டாலும் ஒப்பந்தத்தை முழுக்க வாசியுங்கள். வழக்கை எப்போது நிறுத்தலாம், எந்தத் தொகைக்குச் சமரசம் பேசலாம் என்று முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பணம் கொடுப்பவருக்கு நடுவில் மனம் மாறினால் எதிர்த் தரப்பின் செலவு யார் தலையில் விழும் என்று எழுத்தில் வாங்குங்கள். உங்கள் குறை எந்தத் தேர்தல் பலகையில் ஏறும், உங்களைக் கேட்டுத்தான் ஏற்றுவார்களா என்றும் கேளுங்கள். இதையெல்லாம் கேட்பது நன்றி கெட்டதனம் ஆகாது. ஊசி போடுமுன் சம்மதம் கேட்கவேண்டும் என்றுதானே வழக்குப் போட்டீர்கள்?

அரசையும் கேட்கவேண்டும். 59ஆம் பிரிவு இருக்கும்வரை உரிமை மீறப்பட்ட ஊழியர் வென்றாலும் வெறுங்கையோடுதான் வீடு திரும்புவார். அடுத்த வழக்குக்கு ஒரு பணக்காரரைத் தேடுவார். அரசு ஊழியரின் நியாயம் ஒரு கோடீஸ்வரரின் விருப்பத்துக்குக் காத்திருக்கும் நிலையை உண்டாக்கியது அந்தக் கோடீஸ்வரர் இல்லை. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் உண்டாக்கினார்கள். கோடீஸ்வரர் திறந்திருந்த கதவு வழியாக வந்தார், அவ்வளவே.

கடைசியாக, பால்மர் ஐயா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வழக்குச் செலவுக்கு இல்லாதவர்களுக்குப் பணம் கொடுக்கும் பழக்கம் உங்களுக்கு வந்திருக்கிறது. அதை நிரந்தரமாக்குங்கள். ஓர் அறக்கட்டளை வையுங்கள். எந்த வழக்குக்குக் கொடுப்பது என்பதை உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஓய்வுபெற்ற நீதிபதிகள் முடிவு செய்யட்டும். முதலாளி யாராக இருந்தாலும், அரசாக இருந்தாலும், சுரங்க நிறுவனமாக இருந்தாலும், தொழிலாளி வந்து கதவைத் தட்டலாம் என்று அதன் முதல் விதியை எழுதுங்கள். அப்போது இந்த மடலில் ஒரு பத்தியையும் மாற்றாமல் இன்னொரு முறை உங்களை வாழ்த்துவேன்.

குயின்ஸ்லாந்தில் ஒரு கூட்டு வழக்குக்கு ஏழு பேர் போதும். 2016-ல் யபுலு ஆலையில் வேலை இழந்தவர்கள் ஏறக்குறைய எண்ணூறு பேர்.